அவல் தா ராஜாவும் எங்கள் அண்டாவும்

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு வெள்ளைக்கார ராஜாவுக்காக, சூரியநெல்லி மலையில் உட்கார்ந்து அழுத தமிழர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பவுசு பட்லர். வெறுமனே அழவில்லை, அழுதுகொண்டே சூப்பும் வைத்தார். அந்தச் சூப்பை நான் குடித்திருக்கிறேன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் இரண்டு மைல். ஆபீசில் மலையாளம், வீட்டில் கோயமுத்தூர்ப் பேச்சு என்று இரண்டு நாக்கோடு வளர்ந்த ஜாதி நாங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் மூணாறை அடுத்த சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. கல்யாணமாகாத சிப்பந்திகள் நான்கு பேருக்கு ஒரு தகரக்கூரை வீடு கொடுத்திருந்தார்கள். மேனேஜர் பங்களாவில் மிஞ்சும் சூப்பு, புட்டிங் எல்லாம் எங்களுக்கு வந்து சேரும். கொண்டு வருகிறவர் பவுசு பட்லர்.

வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தலையில் கஞ்சி போட்டு விறைத்து நிற்கும் தலைப்பாகை. கையில் எப்போதும் ஒரு தட்டு. தட்டில் ஏதாவது இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தபால் போடப் போனாலும் கடிதத்தைத் தட்டில் வைத்துத்தான் கொண்டு போவார். இந்தப் பவுசுக்காகத்தான் அவருக்கு அந்தப் பெயர் என்று நான் ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பவுசு என்பது ஒரு நாடு.

அந்தத் தோட்டத்தில் பல வருஷம் துரையாக இருந்தவர் வேல்ஸ் தேசத்துக்காரராம். அவரை இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுதும் சாப்பிட மாட்டாராம். தனிக்கட்டை. மலையிலோ வருஷத்தில் பாதி மழை. பேச்சுத்துணைக்கு மேசைக்கு எதிரில் கையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கும் பட்லரை விட்டால் ஆள் கிடையாது. எனவே தன் தேசத்து ராஜாக்கள் அத்தனை பேரையும் பட்லர் தலையில் இறக்கி வைத்துவிட்டார். ஊருக்குக் கப்பலேறியபோது மற்ற வேலைக்காரர்களுக்குக் கம்பளி கொடுத்தார். பட்லருக்கு மட்டும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். அதற்குள் எட்டாக மடித்த ஒரு காகிதம், ராஜாக்களின் வம்ச வரிசை.

அந்தக் காலத்தில் வேல்ஸ் ஒரே நாடு இல்லை, ஏழெட்டு நாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வம்சம். துரை சொன்ன உச்சரிப்பு பட்லர் காதில் விழுந்து, சங்கரன்கோவில் பக்கத்துப் பூர்வீக நாக்கில் புரண்டு, வேறு பிறவி எடுத்து வெளியே வந்தது. போவிஸ் என்பது பவுசு ஆனது அப்படித்தான். டவெட் என்றொரு நாடு தவிடு ஆகிவிட்டது. ரோட்ரி என்ற பேரரசர் மட்டும் அதிர்ஷ்டவசமாக ரோட்ரியாகவே தப்பினார். அவருடைய மூத்த மகன் அனாரவ்டு, எங்கள் தோட்டத்துப் பெண்கள் வாயில் அண்ணா ரவுடி.

தோட்டத்தையே பட்லர் அந்த நாடுகளாகப் பங்கு போட்டு வைத்திருந்தார். பனி மூடிக் கிடக்கும் மேல் டிவிஷன் குவினெத்து. ஃபேக்டரி இருக்கும் பக்கம் பவுசு. கீழ் டிவிஷன் தவிடு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் பெண்கள் ஒருவரையொருவர் "நீ இன்னிக்குத் தவிட்டுக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டுக்கொள்வார்கள். யானை வராமல் இருக்கப் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லையில் ஒரு நீளக் குழி வெட்டினார். பட்லர் அதைப் பார்த்துவிட்டு வந்து முகம் சிவக்க நின்றார். "இப்படித்தான் அந்தக் காலத்துல ஆஃபான்னு ஒரு இங்கிலீஷ் ராசா பவுசு எல்லையில கெடங்கு வெட்டுனான். யானைக்குன்னா சொல்லிருப்பான்? நமக்குத்தான் வெட்டுதாக தம்பி." பக்கத்துத் தோட்டத்து மேனேஜர் பாவம், ஆலப்புழைக்காரர். கடைசி வரை அவருக்கு எங்கள் தோட்டத்தில் ஆஃபா என்றுதான் பெயர்.

வேல்ஸ்காரர்கள் பெயருக்கு நடுவில் 'ஆப்' என்று போட்டு அப்பா பெயரைச் சேர்ப்பார்களாம். இன்னாருடைய மகன் இன்னார் என்று அர்த்தம். "நம்ம இன்சியல்தான் தம்பி. நாம முன்னால வைக்கோம், அவுக பின்னால வைக்காக" என்பார். அதோடு விட்டிருக்கலாம். ஃபேக்டரியில் ஒரு சுப்பையா இருந்தார், அப்பா பெயர் மாடசாமி. பங்களாவில் பெரிய மேனேஜர்கள் கூடியிருந்த விருந்தில் அவரை பட்லர் "சுப்பையா ஆப் மாடசாமி" என்று உரக்க அறிவித்து உள்ளே விட்டார். சுப்பையா தன்னை வேலையிலிருந்து ஆஃப் பண்ணிவிட்டார்கள் என்று நினைத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சூப்பு விவகாரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மழைக்காலத்திலும் பட்லர் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து படிப்பார். பாதிப் புத்தகத்தில் ரோட்ரியை இங்கிலீஷ்காரர்கள் கொன்றுவிடுவார்கள். துரைக்குப் பிறகு வந்த புது மேனேஜர் திருச்சூர்க்காரர், நல்ல மனிதர், பட்லரின் ராஜாக்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். ஒரு நாள் ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தா பட்லர், உப்பு கூடுதலாணல்லோ?"

"துக்கம் சார்."

"ஆரா மரிச்சது?"

"ரோட்ரி ராசா சார். இங்கிலீஷ்காரன் வெட்டிப்புட்டான்."

மேனேஜர் பதறி எழுந்துவிட்டார். "எப்போ?"

"ஆயிரத்து நூறு வருசம் இருக்கும் சார். நான் இன்னைக்கு மத்தியானந்தான் அந்தப் பக்கத்துக்கு வந்தேன்."

மூன்றாம் நாள் கேரமல் புட்டிங் வந்தது, மேனேஜருக்கு மட்டுமல்ல, தோட்டக்காரன், காவல்காரன், எங்கள் தகரக்கூரை வரைக்கும். அனாரவ்டு அப்பாவைக் கொன்றவர்களைப் போரில் பழிவாங்கிய பக்கத்துக்குப் பட்லர் வந்துவிட்டார் என்று புரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு நாங்கள் நான்கு பேரும் மழைக்காலம் வந்தால், "ரோட்ரி செத்தாச்சா?" என்று அவரிடம் ஆவலாக விசாரிக்க ஆரம்பித்தோம். புட்டிங்குக்கு முன்னால் ரோட்ரி சாக வேண்டியிருந்ததே.

இன்னொரு ராஜாவால் பட்லர் வேலை போகப் பார்த்தது. அவர் பெயர் மயில்கோன். தமிழ்ப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், குவினெத்தை ஆண்ட வேல்ஸ்காரர்தான், துரை சொன்னதே கிட்டத்தட்ட அப்படித்தானாம். யார் பெரிய ராஜா என்று முடிவு செய்ய எல்லா ராஜாக்களும் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்களாம். அலை ஏற ஏற எல்லோரும் எழுந்து ஓடிவிட்டார்கள். மயில்கோன் மட்டும் பறவைச் சிறகுகளில் மெழுகு பூசி நாற்காலிக்கு அடியில் கட்டி வைத்திருந்தார். நாற்காலி மிதந்தது, அவரே பெரிய ராஜா ஆனார். இதைக் கேட்ட, ஃபேக்டரியில் தூள் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர், "நாற்காலியாவது மிதக்கறதாவது" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான்.

மறு ஞாயிறு, மழை விட்டிருந்த வேளையில், பங்களாவுக்குக் கீழே ஓடும் ஓடையில் மேனேஜரின் பிரம்பு நாற்காலி இறக்கப்பட்டது. அடியில் கோழிச் சிறகு, மெழுகுவத்தியை உருக்கிப் பூசியது. துணி துவைக்க வந்த பெண்கள் துவைப்பதை விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார்கள். பட்லர் தலைப்பாகையைச் சரிசெய்து, தட்டை மடியில் வைத்து, ராஜாவாக உட்கார்ந்தார். நாற்காலி மூன்று கெஜம் மிதந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன், யார் கேட்டாலும் சொல்வேன். அதற்கு மேல் நாற்காலி ஒரு பக்கம் போயிற்று, பட்லர் இன்னொரு பக்கம் போனார். தட்டை மட்டும் விடவில்லை. நாற்காலியை இரண்டு நாள் கழித்து ஆஃபா ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது பட்லர் சொன்னது: "மயில்கோன் கடல்ல செஞ்சாக சார். ஓடைக்கு ஒத்துவராதுன்னு இப்பத்தான் தெரியுது." மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றதால் வேலை தப்பியது.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் எனக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா சொல்லச் சொல்ல தபால்காரர் எழுதியது. எங்கள் அய்யன் இறந்து மூன்று வருஷமாகப் பெரியண்ணனும் நடு அண்ணனும் பாகம் பிரிக்க முடியாமல் சண்டையில் இருந்தார்கள். சண்டை உண்மையில் நிலத்துக்குக்கூட இல்லை, தண்ணீருக்கு. தோப்புக்கும் கடலைக்காட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு. காலையில் கரண்ட் நன்றாக இருக்கும் இரண்டு மணி நேரம் மோட்டாரை யார் போடுவது என்பதுதான் விவகாரம். அந்த முதல் தண்ணீர் எனக்குத்தான் என்று இரண்டு பேரும் நின்றார்கள்.

மூன்று வருஷமாக இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. பேச வேண்டியிருந்தால் எங்கள் செவலைக் காளையிடம் பேசுவார்கள். "ஏ செவலை, அவனை மோட்டாரை நிறுத்தச் சொல்லு" என்பார் பெரியண்ணன். "ஏ செவலை, முடியாதுன்னு சொல்லு" என்பார் நடு அண்ணன். காளை பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருக்கும். எங்கள் மாமா மூன்று தடவை பாகம் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவர் மற்றவன் பக்கம் என்று இரண்டு பேருமே சொன்னதால், மனிதர் வருவதையே நிறுத்திவிட்டார்.

கடிதத்தில் அம்மா சொல்லியிருந்தது இவ்வளவுதான். பெரியவன் அடுத்த வாரம் பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டுக்கு வக்கீலைப் பார்க்கப் போகிறான். கேசு போட்டுவிட்டால் ஒருத்தன் ஊட்டு வாசல்ல இன்னொருத்தன் மிதிக்க மாட்டான். அப்ப நான் யார் ஊட்டுல இருக்கறதுன்னு கேட்டேன். ரெண்டு பேரும் பதில் சொல்லலை.

எனக்கு நிலத்தின் மேல் ஆசை இல்லை. லீவில் போனால் மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும், அம்மா பரிமாற வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அது போய்விடும் என்று நினைத்தபோது ஆபீஸ் மேசையிலேயே கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பட்லர் தட்டோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தன பேரு தம்பி நீங்க?"

"மூணு பேருங்க. நான் கடைசி."

பட்லர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அதை அவர் கையைவிட்டு வைத்து அன்றுதான் பார்த்தேன்.

"ரோட்ரிக்கும் மூணு பயலுவதான். அவுக செத்ததும் மூணு பாகம் வச்சாக. மூத்தவரு அனாரவ்டு சும்மா இருந்தாரா? அப்பன வெட்டுன அதே இங்கிலீஷ்காரனக் கூட்டிக்கிட்டு வந்து தம்பி நாட்டக் கொளுத்திட்டாக. வக்கீலக் கூட்டியாரதும் அதுவும் ஒண்ணுதான் பாத்துக்கிடுங்க."

"நான் என்னங்க பண்றது?"

"அந்தத் தம்பி மவன் ஒருத்தரு பொறந்தாரு. பெரியப்பன் செஞ்ச கூத்தப் பாத்து வளந்த புள்ள. அவருதான் பாகத்துக்குன்னே சட்டம் வச்சாரு. அவல் தா ராசா. நான் மேனேஜர்ட்ட லீவு சொல்லிட்டு வாரேன். நீங்க பெட்டியக் கட்டுங்க."

ஹவெல் தா என்று துரை சொல்லியிருக்கிறார். பட்லர் நாக்கில் அது அவல் தா.

மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று மூன்று பஸ் மாறினோம். வெள்ளைக் கோட்டோடும் தலைப்பாகையோடும் பட்லர் ஜன்னலோரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். புத்தகம் மேசைவிரிப்பில் சுற்றி மடியில். கோபாலபுரம் செக்போஸ்டில் அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்க பஸ்ஸுக்குள் ஏறினார் ஒரு காவலர். மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இதில் எந்தா? அரியோ?"

"ராசாக்க," என்றார் பட்லர்.

"எத்ர?"

"பத்து நாப்பது பேரு இருக்கும்."

காவலர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் இவரைப் பார்த்ததும் இரண்டு அண்ணன்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். பித்தளைப் பொத்தான் செய்த வேலை. நடு அண்ணன் என் காதில், "ஏன்டா, கோர்ட்டு அமீனாவா?" என்றார். பட்லர் கட்டிலின் மேல் மேசைவிரிப்பை விரித்து, வம்ச வரிசைக் காகிதத்தைப் பிரித்து வைத்து, பெரியண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவுகதான் அனாரவ்டா?"

"யாருங்க ரவுடி?" என்றார் பெரியண்ணன்.

நான் நடுவில் விழுந்து அது ஒரு ராஜா பெயர் என்று சமாதானம் செய்தேன். பட்லர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது அவல் தா ராசா வச்ச சட்டம்" என்று கணீரென்று ஆரம்பித்தார். உள்ளே இருந்த அம்மாவுக்கு முதல் இரண்டு சொல்தான் காதில் விழுந்திருக்கிறது. "பசிங்களாட்டிருக்குது, இருங் சாமி" என்று, ஒரு தட்டு நிறைய அவலைத் தேங்காயும் வெல்லமும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பட்லர் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒருவர் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். மனிதர் அதை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

சட்டம் எளிமையானது. கடைசித் தம்பி நிலத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். மூத்தவன் முதலில் எடுத்துக்கொள்வான். அடுத்தது நடுவன். மிஞ்சியது பிரித்தவனுக்கு.

"பெரியவருக்கு மொதல்லீங்களா? எனக்குச் சம்மதமில்லீங்க," என்றார் நடு அண்ணன்.

"பிரிக்கது உங்க தம்பிலா. மூணும் ஒண்ணு போல இருந்தா மொதல்ல எடுத்தா என்ன, நடுவுல எடுத்தா என்ன?"

பெரியண்ணன் மோவாயைத் தடவினார். "கோணலாப் பிரிச்சா கோணல் இவன் தலையிலதான் விடியுமுங்க. அப்ப இவன் ஏமாத்த முடியாதுங்களே."

"அதான் சட்டம்," என்றார் பட்லர், ஒரு வாய் அவலோடு.

மூன்று தடவை மாமாவால் முடியாதது அங்கே முடிந்தது. மாட்டிக்கொண்டவன் நான். இரண்டு நாள் கயிறும் முளைக்குச்சியுமாக வெயிலில் அலைந்தேன். எந்தத் துண்டு மிஞ்சினாலும் அது எனக்கு என்பதால் எந்தத் துண்டையும் இளைத்துப்போக விட முடியவில்லை. கிணற்றை என்ன செய்வது என்றுதான் புரியவில்லை. கடைசியில் மூன்று துண்டின் மூலையும் கிணற்றடியில் வந்து சேருவது போல வரப்பு வைத்தேன். அந்தக் கோணல் வரப்புக்கு, அய்யன் உயிரோடு இருந்திருந்தால் என்னைத் தென்னைமரத்தில் கட்டி வைத்திருப்பார். ஆனால் பெரியண்ணன் சுற்றிவந்து பார்த்து ஒன்றை எடுத்தார், நடு அண்ணன் ஒன்றை எடுத்தார், யாரும் முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிக் கூடத்தில் உட்கார்ந்தபோது எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பட்லர் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. வசிக்கிற வீடும், அண்டாவும், கோடாலியும், ஏர்க்கொழுவும் கடைசி மகனுக்கு. அதை வேறு யாருக்கும் கொடுக்க அப்பனுக்கே உரிமை கிடையாது. இதையும் அவர் கணீரென்று வாசித்தார்.

வீட்டுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு அண்ணன்களும் ஏற்கனவே தோப்பில் தனித்தனியாகச் சாளை வீடு கட்டிக்கொண்டுவிட்டார்கள். கோடாலிக்கும் கொழுவுக்கும்கூட ஒன்றுமில்லை. ஆனால் அண்டா. எங்கள் வீட்டுச் செம்பு அண்டாவில் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம். வருஷா வருஷம் நெல் அவிப்பது அதில்தான், அவிப்பது பெரிய அண்ணிதான். கதவோரம் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்து போய் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"ஏனுங்க, கல்யாணமாவாத பையன் மலை மேல இதுல என்னத்த அவிப்பானுங்க? என்ற கையி இருவது வருசமா வெந்துருக்குதுங்க இதுல. அண்டா போனா நான் இந்தப் பாகத்துக்குச் சம்மதிக்க மாட்டனுங்க."

"அவ சொல்றது ஞாயந்தானுங்க," என்றார் பெரியண்ணன்.

"ஏ செவலை, சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டந்தான்னு சொல்லு," என்றார் நடு அண்ணன். காளை கொட்டாயில் இருந்தது, இங்கே இல்லை. பழக்கதோஷம்.

"அப்ப சித்தூர்லயே பாத்துக்கலாமுங்க," என்று பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். மூன்று வருஷ நிலத்தகராறு மூன்று நாளில் தீர்ந்து, ஒரு அண்டாவால் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அண்டாவைக் கொடுத்துவிடுகிறேன் என்று வாயைத் திறந்தேன். பட்லர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சட்டம் இன்னும் முடியல. கடைசி வரி ராசா பேர்லயே இருக்கு. அவுக பேரு என்ன?"

"அவல் தா," என்றார் அம்மா.

"தான்னா என்ன அர்த்தம்மா?"

"குடுன்னு அர்த்தமுங்க."

"ஆங். பாகம் எடுத்த ஒவ்வொருத்தரும் தம் பாகத்துல இருந்து ஒண்ண எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கணும். சும்மா கெடக்கத இல்ல, மனசு கேக்காதத. அத நேர்ல பேரச் சொல்லிக் கூப்புட்டுக் குடுக்கணும். இத விட்டா பாகம் செல்லாது. கடைசித் தம்பிதான் மொதல்ல."

நான் அண்ணியைப் பார்த்து, "அண்ணி, அண்டா உங்களுக்குங்க," என்றேன். அண்ணி முந்தானையால் அண்டாவைத் துடைத்தார். துடைத்ததா, கண்ணைத் துடைக்கப் போய் அண்டாவைத் துடைத்ததா தெரியாது. நடு அண்ணன் எழுந்து என் பெயரைச் சொல்லி, வாய்க்காலோரத்துச் செவ்விளநீர் மரம் உனக்கு என்றார். அது அவர் கையால் வைத்த மரம், அதில் யாரையும் ஏற விட்டதில்லை.

பெரியண்ணன் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. தோளில் போட்ட துண்டை எடுத்து மடியில் வைத்துவிட்டு அண்ணன் தலையைத் தூக்கினார்.

"நடுவா," என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. "மொதல் தண்ணி நீயே பாச்சிக்க."

நடு அண்ணனுக்கு வாய் கோணிக்கொண்டு போயிற்று. "அண்ணா, நாளு விட்டு நாளு பாச்சிக்கலாமுங்," என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். அன்று மத்தியானம் மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பட்லர் பரிமாற எழுந்ததை அம்மா தோளில் அழுத்தி உட்கார வைத்துவிட்டார்.

பத்திரம் எழுதிய மலையாளி எழுத்தர் கடைசி வரியைப் படித்துவிட்டு, "இதேது நியமம்?" என்று சட்டத்தின் பெயர் கேட்டார். பெரியண்ணன் பெருமையாகச் சொன்னார்: "வேல்ஸ் நியமமுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், உடுமலை தாண்டியதும் நான் மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்க, அந்தக் கடைசி வரி எந்தப் பக்கத்துல இருக்குதுங்க?"

பட்லர் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பக்கத்துலயும் இல்ல தம்பி. தான்னா அவுக பாசையில நல்லவருன்னு அர்த்தமாம். துரை சொல்லிருக்காக."

"அப்பறம்?"

"அந்த எடத்துல உங்க அம்மாவுக்குத் தமிழ் அர்த்தந்தான தேவப்பட்டது."

அதற்கப்புறம் சில வருஷத்தில் பட்லருக்கு ரிடையர்மெண்ட் வந்தது. எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, சங்கரன்கோவிலில் இப்போது யாரும் இல்லை. எங்கே போவீர்கள் என்று கேட்டால், "தவிட்டுல பாக்கணும்" என்று சிரிப்பார். கீழ் டிவிஷனில் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்வதைத்தான் அப்படிச் சொன்னார். எங்கள் ஊரில் என் பாகத்து வீட்டில் அம்மா தனியாகத்தான் இருந்தார். வாங்க என்று நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வேலை இல்லாத வீட்டில் பட்லர் எதற்கு என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வீட்டுக்கு எழுதினேன்.

ஒரு வாரத்தில் இரண்டு அண்ணன்களும் மலையேறி வந்துவிட்டார்கள், ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில். நேராகப் பட்லர் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார் நடு அண்ணன். பட்லர் என்னவோ சொல்ல வந்தார். "அதெல்லாம் நாங்க பேசி முடிச்சாச்சுங்க, நடங்க," என்றார் பெரியண்ணன்.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க பெரியண்ணன்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் இருந்தேன். அங்கேதான் பட்லரின் சொந்தப் பெயரை முதல் முதலாகக் கேட்டேன். அதை இங்கே எழுத மனசு வரவில்லை, எனக்கு அவர் பவுசு பட்லர்தான். ஆபீசர் எழுதிக்கொண்டே, குடும்பத்துக்கு இவர் என்ன உறவு என்று கேட்டார். பட்லர் தலையைக் குனிந்துகொண்டு, உறவு ஒன்றுமில்லை என்று சொல்லத் தொடங்கினார்.

"எங்களுக்கு மூத்தவருங்க," என்றார் பெரியண்ணன். "எனக்கும் மேலுங்க. அப்படியே எழுதிக்குங்க."

ஆபீசர் எழுதினார். அன்றிலிருந்து கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் நாங்கள் நான்கு பேர் என்றுதான் சொல்கிறேன்.